பிஸ்கட் பரந்தால், நூல் சிக்கினால், அகலில் வண்ணம் உரிந்தால்: அடையாளம் பார்த்துச் சரிசெய்வது

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே என் கைப்பேசிக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் சுஜி பிஸ்கட், நடுவில் அமுங்கிய வெண்ணெய் கேக், அடியில் நூல் பந்தாகச் சுருண்ட பாவாடை ஓரம். கூடவே ஒரு கேள்வி: “அக்கா, எனக்குக் கை வரலையோ?”

கை வராதது அரிதாகத்தான் காரணம். நாம் பார்த்துச் செய்யும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீட்டில் எழுதப்பட்டவை. அங்கே ‘அறை வெப்பநிலை’ என்றால் 20 டிகிரி. சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் பிற்பகல் 2 மணிக்கு 30, 31 இருக்கும். காற்றில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் உப்புக்கும் பசைக்கும் இந்தக் காற்று தெரியும். குறிப்பை எழுதியவருக்குத் தெரியாது.

உங்கள் கோளாறு எது என்று கீழே தேடிப் பிடியுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வெண்ணெயையும் மாவையும் சூட்டையும் சேர்த்து மாற்றினால், நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாமல் போகும். நான் டிகிரி என்று சொல்வதெல்லாம் செல்சியஸ்.

“பிஸ்கட் எல்லாம் பரந்து ஒன்றாயிடுச்சு”

முதலில் வெண்ணெயைக் கேளுங்கள். வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிக்கும்போது வெண்ணெய் 18 முதல் 21 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் சர்க்கரைக் குருணை வெண்ணெய்க்குள் சின்னச் சின்னக் காற்றறைகளைப் போடும். 32 டிகிரியை நெருங்கினால் வெண்ணெய் உருகத் தொடங்கும். அதாவது, நம் சமையலறைக்கும் உருகும் நிலைக்கும் இடையில் ஓரிரு டிகிரிதான். குறிப்பில் ‘ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள்’ என்று இருந்தால் அதைக் கேட்காதீர்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சிறு கட்டிகளாக நறுக்கி 10 முதல் 15 நிமிடம் வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுக்கக் கூடாது. மாவு அடிக்கும் பீட்டர் இயந்திரம் சுற்றும் சூட்டிலும் வெண்ணெய் இளகும் என்பதால், கொஞ்சம் குளிர்ந்தே தொடங்குவது நல்லது.

அடித்துக்கொண்டிருக்கும்போதே கலவை பளபளவென்று வழுக்குகிறதா? நிறுத்திவிட்டுக் கிண்ணத்தோடு குளிர்பெட்டியில் 10 நிமிடம் வைத்து எடுத்து மறுபடி அடியுங்கள். எதுவும் வீணாகாது.

சுஜி பிஸ்கட் இன்னும் வம்பு பிடித்தது. அதில் சேர்வது நெய். இங்கே நெய் ஜாடியில் பாதி கட்டியாகவும் பாதி நீராகவும் நிற்கும். மேலே தெளிந்து நிற்கும் நெய்யை மட்டும் ஊற்றிப் பிசைந்தால் மாவு உருண்டையாக நிற்கும், ஓவனில் வைத்ததும் தோசையாகிவிடும். ஜாடியைக் குளிர்பெட்டியில் வைத்து, இடையிடையே கரண்டியால் கிளறி, நெய் முழுதும் ஒரே சீராக உறைந்த பிறகு எடை போடுங்கள். உருட்டி அடுக்கிய தட்டையும் 20 நிமிடம் குளிர வைத்து நேராக ஓவனுக்குள் தள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்தும் பரந்தால், தட்டைப் பாருங்கள். முதல் ஈட்டை எடுத்த சூடான தட்டிலேயே இரண்டாம் ஈட்டை அடுக்கினால், ஓவனுக்குள் போவதற்கு முன்பே அடி உருகிவிடும். இரண்டு தட்டு வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றுதான் இருக்கிறதென்றால் குழாய்த் தண்ணீரில் ஆற்றித் துடையுங்கள்.

“கேக் நடுவில குழி விழுந்துடுச்சு”

ஒரு குச்சியைக் குழியில் குத்துங்கள். ஈர மாவு ஒட்டினால் வேகவில்லை என்று பொருள், வேறு ஆராய்ச்சி வேண்டாம். அடுத்த தடவை 10 நிமிடம் கூடுதலாக விடுங்கள்.

குச்சி சுத்தமாக வந்தும் குழி இருந்தால், கேக் தாங்க முடியாத அளவுக்கு உப்பிப் பிறகு அமுங்கியிருக்கிறது. மாவுப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பெயரைப் படியுங்கள். நம் பேரங்காடியில் பிளெயின் மாவும் செல்ஃப் ரைசிங் மாவும் கேக் மாவும் பக்கத்துப் பக்கத்தில், கிட்டத்தட்ட ஒரே மாதிரிப் பையில் இருக்கும். செல்ஃப் ரைசிங் மாவில் பேக்கிங் பவுடர் முன்பே கலந்திருக்கிறது. அதைத் தெரியாமல் எடுத்துவந்து, குறிப்பில் சொன்ன பேக்கிங் பவுடரையும் போட்டால் இரட்டிப்பாகிவிடும். எனக்கு வரும் குழி விழுந்த கேக் படங்களில் பாதிக்கு இதுதான் விடை. பிளெயின் மாவு 125 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி, அதிகம் போனால் ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போதும். கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும், குவித்து அல்ல.

இதற்கு நேர்மாறாகக் கேக் எழும்பவே இல்லையா? பேக்கிங் பவுடர் செத்திருக்கலாம். சரியாக மூடாத டப்பாவுக்குள் நம் ஈரக்காற்று போனால் பவுடர் டப்பாவுக்குள்ளேயே வினைபுரிந்து முடித்துவிடும். அரைத் தேக்கரண்டியைக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். உடனே பொங்கி நுரைக்க வேண்டும். சோடா மாவுக்கு (பேக்கிங் சோடா) வெந்நீர் சோதனை உதவாது, அதை வினிகரில் போட்டுப் பாருங்கள். சிறிய டப்பாவாக வாங்கி, மூடியின்மேல் திறந்த தேதியை எழுதி வையுங்கள்.

மூன்றாவது காரணம் கதவு. வேகும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு கழிவதற்கு முன் ஓவன் கதவைத் திறந்தால் மாவு இன்னும் கட்டியிருக்காது, குளிர்காற்று பட்டதும் உட்கார்ந்துவிடும். கண்ணாடி வழியே பார்த்துக்கொள்ளுங்கள்.

“மேலே கருகிடுச்சு, உள்ளே மாவா இருக்கு”

மேசைமேல் வைக்கும் சிறிய ஓவனில் மேல்கம்பி கேக்கின் தலைக்கு ஒரு சாண் தள்ளிக்கூட இருக்காது. தட்டை மிகத் தாழ்ந்த படியில் வையுங்கள். மேல்புறம் பொன்னிறமானதும் அலுமினியத் தாளை மேலே தளர்வாக மூடுங்கள்.

திருகில் 180 என்று இருப்பதை நம்ப வேண்டாம். இந்த ஓவன்களில் 20, 30 டிகிரி முன்பின் இருப்பது சாதாரணம். உள்ளே தொங்கவிடும் ஓவன் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பூன் ஹுவாட் மாதிரி பேக்கிங் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். பேக்கிங்குக்கென்று ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் அழகான அச்சு வேண்டாம், இதை வாங்குங்கள் என்பேன். விளக்கு அணைந்துவிட்டது என்பதற்காக ஓவன் சூடாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். காற்று சூடாகியிருக்கும், சுவர் சூடாகியிருக்காது. 15 முதல் 20 நிமிடம் கொடுங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் குறிப்பில் உள்ள சூட்டில் 20 டிகிரி குறையுங்கள்.

“கலவை திரிஞ்சு போச்சு”

முட்டை குளிராக இருந்திருக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை வெண்ணெயில் ஊற்றினால் வெண்ணெய் திட்டுத் திட்டாக இறுகி நீர் பிரிந்து நிற்கும். முட்டையை ஓட்டோடு வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் போட்டெடுங்கள். இப்போது திரிந்திருக்கும் கலவைக்கு, அளந்து வைத்த மாவிலிருந்தே ஒரு மேசைக்கரண்டி போட்டு அடியுங்கள், கூடிவிடும்.

“சொன்ன அளவுதான் போட்டேன், வறண்டு போச்சு”

யாருடைய அளவு என்று பாருங்கள். அமெரிக்கக் கோப்பை ஏறக்குறைய 240 மில்லிலிட்டர். ஆஸ்திரேலியக் கோப்பை 250. மேசைக்கரண்டியில் வேறுபாடு இன்னும் பெரிது: ஆஸ்திரேலியாவில் 20 மில்லிலிட்டர், மற்ற இடங்களில் 15. பொட்டலத்துக்குள் கோப்பையை அழுத்தி அள்ளினால் 120 கிராம் வர வேண்டிய மாவு 150 வந்துவிடும். கேக் தொண்டையை அடைப்பது அதனால்தான். கிராமில் எழுதிய குறிப்பைத் தேடுங்கள், ஒரு சின்னத் தராசு வைத்துக்கொள்ளுங்கள்.

“பாண்டான் ஷிஃபான் சுருங்கி இடுப்பு ஒடுங்கிடுச்சு”

அச்சில் வெண்ணெய் தடவினீர்களா? ஒட்டாத பூச்சுள்ள அச்சா? இரண்டும் கூடாது. ஷிஃபான் கேக் அச்சின் சுவரைப் பிடித்து ஏறும் கொடி மாதிரி. பிடிமானம் வழுக்கினால் ஏறியது இறங்கிவிடும். நடுவில் குழல் வைத்த சாதாரண அலுமினிய அச்சில் எதுவும் தடவாமல் ஊற்றி, வெந்ததும் அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து முழுக்க ஆறும்வரை தொங்கவிடுங்கள். நம் வீட்டுச் சூட்டில் இதற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும். மின்விசிறிக்கு அருகில் வையுங்கள்.

வெள்ளைக்கரு நுரைக்கவே இல்லை என்றால் எங்கோ எண்ணெய்ப் பசை இருக்கிறது. மஞ்சள்கரு ஒரு சொட்டு விழுந்திருக்கும், அல்லது பிளாஸ்டிக் கிண்ணமாக இருக்கும். பிளாஸ்டிக் எவ்வளவு கழுவினாலும் பசையை விடாது. எவர்சில்வர் கிண்ணத்தை எடுங்கள்.

பச்சை நிறம் வெளிறியிருந்தால் சாயம் சேர்க்க அவசரப்படாதீர்கள். பாண்டான் இலையைக் கொஞ்சம் தண்ணீரில் அரைத்து வடிகட்டி ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்தால், கரும்பச்சைச் சாறு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை இறுத்துவிட்டு அடியில் இருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். நிறம், மணம் இரண்டும் அதில்தான் இருக்கும்.

“பன் மாவு பொங்கி அமுங்கிப் புளிச்ச வாடை வருது”

நேரத்தைப் பார்த்தீர்கள், மாவைப் பார்க்கவில்லை. ஒன்றரை மணி நேரம் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. இங்கே 40 நிமிடத்திலேயே இரட்டிப்பாகிவிடும். குளிர்ந்த நீரில் பிசையுங்கள். மாவு தடவிய விரலால் குத்திப் பாருங்கள்: குழி மெல்ல, பாதி மட்டும் எழும்பினால் ஓவனுக்குப் போகலாம்.

“குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் ஐசிங் வியர்க்குது”

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது புரிந்தால் பல கோளாறு தானாக விலகும். 30 டிகிரிச் சூடும் 75 விழுக்காடு ஈரமும் உள்ள காற்று, ஏறக்குறைய 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின்மேல் பட்டாலும் நீராகப் படியும். ஐஸ் காப்பிக் குவளையின் வெளிப்புறம் நனைவது இப்படித்தான். 4 டிகிரியில் இருந்த கேக்கை வெளியே எடுத்தால் அதுவும் அந்தக் குவளைதான். படியும் நீரில் சர்க்கரை கரைந்து, நிறம் ஓடி, பூவெல்லாம் பிசுபிசுக்கும். சாக்லேட் மேல் வெள்ளைப் புள்ளி பூப்பதும் இதனால் நேரலாம்.

கேக்கைப் பெட்டியில் வைத்து நன்றாக மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்த பிறகும் பெட்டியைத் திறக்காதீர்கள். கேக்கின் குளிர் அடங்கும்வரை, ஒரு மணி நேரம்போல, மூடியே இருக்கட்டும். வியர்வை முழுதும் பெட்டியின்மேல் படியும், கேக்கில் படியாது. குளிர்சாதன அறையில் திறந்தால் இன்னும் நல்லது. அங்கே காற்று காய்ந்திருக்கும். பிறந்தநாள் கேக்கை அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்து வெட்டப்போகிறீர்கள் என்றால், வெறும் வெண்ணெய் ஐசிங் நிற்காது. வெண்ணெயில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து அந்த அளவு ஷார்ட்டனிங் (கட்டியான தாவரக் கொழுப்பு) சேருங்கள். சுவை கொஞ்சம் குறையும், வடிவம் நிற்கும்.

“நேத்து மொறுமொறு, இன்னைக்கு நமுத்துடுச்சு”

சூடாக டப்பாவில் போட்டால் சொந்த ஆவியில் நமுக்கும். ஆறிய பிறகும் மேசையில் விட்டால் காற்றின் ஈரத்தில் நமுக்கும். கைபொறுக்கும் சூடு முழுக்கப் போனதும், அரைமணி நேரத்துக்குள், அடைத்துவிடுங்கள். நமுத்ததை 150 டிகிரியில் 5 முதல் 8 நிமிடம் வைத்தால் உயிர் திரும்பும்.

அன்னாசி டார்ட் நாலாம் நாளே பூஞ்சை பிடித்தால் பாகில் ஈரம் மிச்சம் இருக்கிறது. கரண்டியால் பாத்திரத்தின் நடுவே கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கும்வரை கிளறுங்கள். பூஞ்சை தெரிந்த டப்பாவில் நல்லதாகத் தோன்றுவதையும் சாப்பிட வேண்டாம்.

“துணிக்கு அடியில நூல் கூடு கட்டுது”

இப்போது தையல் இயந்திரத்துக்கு வருவோம். நூல் அடியில் சிக்குவதால் எல்லாரும் அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றிப் பார்ப்பார்கள். கோளாறு மேலே இருக்கிறது. ஊசி நூல் இரண்டு இறுக்கத் தகடுகளுக்கு இடையே உட்கார்ந்து வர வேண்டும். துணியை அழுத்தும் பாதம் கீழே இறங்கியிருந்தால் அந்தத் தகடுகள் மூடியிருக்கும். அப்போது நூல் கோத்தால் அது உள்ளே போகாமல் வெளியிலேயே கிடக்கும்; பிடிப்பு இல்லாத நூல் அடியில் போய்க் குவியும்.

இப்படிச் செய்யுங்கள். ஊசியை மிக உயரத்துக்கு ஏற்றுங்கள். பாதத்தைத் தூக்குங்கள். மேல்நூலை முழுவதும் உருவிவிட்டு முதலிலிருந்து கோத்துவிடுங்கள். பிறகு பாதத்தை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள். நூல் கடினமாக வர வேண்டும். லேசாக உருவி வந்தால் இன்னும் உட்காரவில்லை. தைக்கத் தொடங்கும்போது மேல்நூல், அடிநூல் இரண்டின் வாலையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு முதல் மூன்று நான்கு தையல் போடுங்கள்.

அப்படியும் சிக்கினால்தான் பாபின். அது உங்கள் இயந்திரத்துக்கு உரியதுதானா என்று பாருங்கள்; உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும், உயரத்தில் அரை மில்லிமீட்டர் மாறினாலும் தகராறு. மேலிருந்து போடும் வகையில் பெரும்பாலும் நூல் இடஞ்சுழியாக அவிழ வேண்டும். அடியில் சேர்ந்த பஞ்சைத் தூரிகையால் எடுங்கள், ஊதாதீர்கள். வாயின் ஈரத்தோடு பஞ்சு இன்னும் உள்ளே போகும்.

இறுக்கத் திருகைத் தொடுவது கடைசி வேலை.

“டீ-சட்டையில தையல் விட்டு விட்டு விழுது”

ஊசியை மாற்றுங்கள். டீ-சட்டைத் துணி பின்னிய துணி. கூர் ஊசி அதன் இழையைக் குத்தும், துணி ஊசியோடு இழுபடும், அடிநூல் கொக்கி வளையத்தைப் பிடிக்காது. நுனி உருண்ட ஊசி என்று கேட்டு வாங்குங்கள். பீப்பிள்ஸ் பார்க்கிலும் அரபு ஸ்திரீட்டிலும் துணிக்கடைகளைச் சுற்றித் தையல் சாமான் விற்பார்கள். சாதாரண டீ-சட்டைக்கு 75/11, ஜீன்ஸ்க்கு 100/16, மெல்லிய பட்டுக்கு 60/8 அல்லது 70/10. ஓரம் அலை அலையாக நெளிந்தால் துணியைக் கையால் இழுத்துத் தைக்கிறீர்கள். அடியில் மெல்லிய தாள் வைத்துச் சிறு வளைதையலாக (ஸிக்ஸாக்) போட்டு, பிறகு தாளைக் கிழித்துவிடுங்கள்.

“அம்மா சேலையில தைச்ச பாவாடை கிழிஞ்சுடுச்சு”

இதை அனுபவித்தவள் நான். அம்மாவின் அரக்குநிறப் பட்டை வெட்டி மகளுக்குப் பாவாடை தைத்தேன். கோயிலில் அவள் ஒருமுறை உட்கார்ந்து எழுந்ததும் இடுப்புத் தையலை ஒட்டிப் பட்டு நேர்கோடாகப் பிளந்தது. தையல் உறுதியாகத்தான் இருந்தது. பட்டு இற்றுப்போயிருந்தது. அந்தச் சேலையை மீட்க வழி இல்லாமல் போனது இன்னும் மனத்தில் கிடக்கிறது, அதனால்தான் கத்தரி வைப்பதற்கு முன் இதைப் படியுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

சேலையைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். பல ஆண்டு ஒரே மடிப்பில் இருந்த கோடுகளில் மயிரிழைபோல் வெளிச்சம் தெரிந்தால் அங்கே இழை அறுந்திருக்கிறது. மடிப்பின் இருபுறமும் இரு கட்டைவிரலை வைத்து மெல்ல இழுங்கள். சரசரவென்று ஒலி வந்தால் அந்தச் சேலை உடுத்தும் துணியாகாது. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், தலையணை உறையின் முகமாக வைக்கலாம், முந்தானையை மட்டும் எடுத்துப் பைக்கு ஒட்டலாம். இழுபடும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

உறுதியாக இருக்கும் பட்டுக்கும் துணை வேண்டும். உட்புறம் மெல்லிய ஒட்டு கேன்வாஸ் கொடுங்கள், தையலுக்கு வெளியே ஒன்றரை சென்டிமீட்டராவது துணி விடுங்கள், இடுப்பைப் பிடித்துத் தைக்காமல் தளர விடுங்கள். இறுக்கமான உடையில் பட்டு கிழியாவிட்டாலும் தையல் ஓரத்தில் இழை விலகிப் பல்லிளிக்கும். கேன்வாஸ் ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியைச் சரிகையில் நேரே வைக்காதீர்கள். இப்போது வரும் பல சேலைகளில் சரிகை உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக் இழை. சூட்டில் சுருண்டு துணியையே இழுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத முனையில், மேலே பருத்தித் துணி போட்டுத் தேய்த்துச் சோதியுங்கள். சரிகை கனமாக இருந்து மனம் தயங்கினால், தேக்கா நிலையத்தின் மாடியில் தையற்காரர்கள் இருக்கிறார்கள். வெட்டுவதை மட்டும் அவர்களிடம் கொடுத்துவிட்டு மீதியை நீங்களே தைக்கலாம்.

“சாயம் பிடிக்கவே இல்லை”

பள்ளி விளையாட்டுச் சட்டைகளைப் பிள்ளைகள் முடிச்சுச் சாயம் போட எடுப்பார்கள். அவை பெரும்பாலும் பாலியெஸ்டர். பருத்திக்கான சாயம் அதில் ஏறாது. எத்தனை மணி நேரம் ஊறவைத்தாலும் அலசியதும் போய்விடும். சந்தேகம் இருந்தால் உட்தையலிலிருந்து நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, கழுவுதொட்டியின்மேல் பெரியவர் ஒருவர் கொளுத்திப் பார்க்கட்டும். காகிதம் எரியும் வாடை வந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. முடி கருகும் வாடை வந்தால் பட்டு அல்லது கம்பளி. சுருண்டு உருகிக் கெட்டி மணியானால் பாலியெஸ்டர்.

துணி பருத்தியாக இருந்து நிறம் நன்றாக ஏறியும், தையல் மட்டும் வெள்ளைக் கோடாக நிற்கிறதா? தைத்த நூல் பாலியெஸ்டர். அது கோளாறு இல்லை. எனக்கு அந்த வெள்ளைக் கோடு பிடிக்கும்.

“துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்குது”

உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். சாயம் போடும் நேரத்தில் உப்பு உதவும், உண்மை. கடையில் வாங்கிய பருத்தித் துணியில் ஒட்டாமல் நிற்கும் மிச்சச் சாயத்தை அது பிடித்துவைக்காது. குளிர்ந்த நீரில் தனியாக, நீர் தெளியும்வரை துவையுங்கள். தேவைப்பட்டால் சாயம் நிறுத்தும் மருந்து வாங்குங்கள். வேறு துணியில் சாயம் ஏறிவிட்டதென்றால் காயவிடாமல் உடனே மறுபடி அலசுங்கள்.

வெளுப்பானை வைத்து வடிவம் எடுப்பவர்களுக்கு: பட்டையும் கம்பளியையும் அது கரைத்தே விடும். வெளுப்பானோடு வினிகரையோ கழிப்பறை சுத்தம் செய்யும் அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு வரும். நம் குளியலறை சிறியது, சன்னல் சிறியது. வெளுப்பான் வேலையைக் காற்றோட்டமுள்ள இடத்தில், கையுறையோடு மட்டும் செய்யுங்கள்.

“அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த இயந்திரம் புகையுது”

உடனே செருகியைப் பிடுங்குங்கள். இங்கே மின்சாரம் 230 வோல்ட். அங்கே 120. மூன்று முள் மாற்றி செருகியின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. புகைந்ததை மறுபடி போட்டுப் பார்க்காமல் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

“உப்பு மாவுப் பொம்மை இளகிடுச்சு”

மாவு இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு: ஜூன் விடுமுறையில் பிள்ளைகளோடு செய்ய எளிதான பொம்மை மாவு. சுட்டெடுத்த அன்று கல்லாக இருக்கும். இரண்டு வாரத்தில் தொட்டால் ஈரமாக, மெத்தென்று ஆகிவிடும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சிங்கப்பூரில் பெரும்பாலான நேரம் அந்த அளவைத் தாண்டித்தான் இருக்கிறோம். உப்புச் சாடியில் அரிசி போட்டு வைக்கிறோமே, அதே காரணம்.

100 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்தி, ஆறியதும் அன்றே வார்னிஷ் பூசுங்கள். முன், பின், கயிறு கோக்கும் துளையின் உள்புறம் என ஒரு பொட்டுகூட விடக்கூடாது, இரண்டு பூச்சு. நான் இப்போது உப்பையே விட்டுவிட்டேன். சோடா மாவு இரண்டு கோப்பை, சோள மாவு (கார்ன்ஃபிளவர்) ஒரு கோப்பை, தண்ணீர் ஒன்றேகால் கோப்பை; மிதமான தீயில் பிசைந்த உருளைக்கிழங்கு பதம் வரும்வரை கிளறி, ஈரத்துணி மூடி ஆறவைத்துப் பிசைந்தால் வெள்ளை வெளேரென்ற பொம்மை மாவு கிடைக்கும். மின்விசிறியின் கீழே காய்கிறது, இளகுவதில்லை.

காகிதக்கூழ் முகமூடியில் பூஞ்சை வந்தால் அடுக்குகள் ஈரமாக இருக்கும்போதே அடுத்ததை ஒட்டியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு அடுக்கு போதும். மாவுப் பசைக்குப் பதில் வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள்.

“அகல் விளக்குல வண்ணம் உரியுது”

கேம்பல் லேனில் தீபாவளிக் கடைகள் போட்டதும் வெறும் மண் அகலை வாங்கிவந்து பிள்ளைகள் வண்ணம் தீட்டுவார்கள். விளக்கேற்றிய மறுநாள் வண்ணம் தோல்போல் எழும்பி நிற்கும். தூரிகையையோ வண்ணத்தையோ குறை சொல்ல வேண்டாம். மண்ணுக்குள் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. உள்ளே ஊற்றிய எண்ணெய் மண்ணில் ஊறி வெளிப்புறம் வந்து, வண்ணத்தைப் பின்னாலிருந்து தள்ளுகிறது.

எண்ணெய் விளக்கு வேறு, வண்ண விளக்கு வேறு என்று பிரித்துவிடுங்கள். எண்ணெய் ஊற்றப்போகும் அகலை வண்ணம் இல்லாமல் தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் மூழ்க வையுங்கள். குமிழி வருவது நிற்கும்போது துளைகளில் நீர் நிறைந்திருக்கும், எண்ணெய் அவ்வளவாகக் குடிக்காது. வெளியே எடுத்துத் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, எண்ணெய் ஊற்றுங்கள். அடியில் ஒரு தட்டு இருக்கட்டும்.

வண்ணம் தீட்டும் அகலைத் தூசி போகக் கழுவி, இரண்டு நாள் விசிறியின் கீழே காயவைத்து, அக்ரிலிக் வண்ணத்தை வெளிப்புறம் மட்டும் பூசுங்கள். திரி சாயும் மூக்குப் பகுதியிலும் உதட்டிலும் பூசாதீர்கள், அங்கே தீ படும். இந்த அகலில் எண்ணெய் வேண்டாம், உலோகக் கிண்ணத்தோடு வரும் சின்ன மெழுகுவத்தியை உள்ளே வையுங்கள். மெழுகு தீர்ந்ததும் கிண்ணத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம், அகல் அடுத்த ஆண்டுக்கும் இருக்கும்.